இங்கிலாந்துக் குளிர்காலத்தை ஒரே சம்பளத்தில் கடப்பது: முதலில் ஈரத்தைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு லெஸ்டர் வந்திருக்கிறீர்கள். கணவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. பிள்ளைகளுக்கு ஆறு வயசும் மூணு வயசும். ஆகஸ்டில் ஒரு பழைய டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு, வாடகைக்குப் பிடித்தீர்கள். கேஸ், கரன்ட் இரண்டும் முன்கூட்டியே காசு ஏற்றினால்தான் ஓடும் பிரீபே மீட்டர். சம்பளத்தில் வாடகை போனால் பாதிதான் மிச்சம். நவம்பரில் ஒரே வாரத்தில் 45 பவுண்டு டாப்-அப் ஆனதும் பயந்துபோய் ஹீட்டிங்கை மொத்தமாக நிறுத்திவிட்டு, இரண்டு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிவிட்டீர்கள். இப்போது சின்னவன் படுக்கும் அறையின் மூலையில் சுவர் கறுக்கிறது. மார்ச் வரை எப்படித் தாக்குப்பிடிப்பது, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டால் செலவு மிச்சமாகுமா என்று கேட்கிறீர்கள்.

நான் இங்கே கேஸில் தண்ணீரைக் காய்ச்சும் பாய்லர், அந்தத் தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், இவற்றின் வேலை பார்க்கிறவன். நம்மவர்கள் வீடு நிறையப் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் முதல் குளிர்காலத்தில் நீங்கள் செய்ததைத்தான் செய்கிறார்கள். குளிரைத் தாங்கிக்கொண்டால் காசு மிஞ்சும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் குளிரைவிட ஈரம்தான் பணத்தைத் தின்னும். ஈரமான வீடு சூடாக அதிக நேரம் எடுக்கும், சீக்கிரம் ஆறிவிடும், போதாததற்கு பிள்ளைக்கு இருமலைக் கொடுக்கும். அதனால் கையில் உள்ள காசை வீட்டைக் காய வைக்க முதலில் செலவழியுங்கள். அடுத்தது உடம்பைச் சூடாக வைப்பது. அறையைச் சூடாக்குவது அதற்கும் அப்புறம்தான்.

முதலில் அந்த இரண்டு எலக்ட்ரிக் ஹீட்டரையும் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். ரசீது இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கணக்கு எளிது. 2025 அக்டோபரில் வந்த விலை உச்சவரம்பின்படி கேஸ் யூனிட் 6 பென்ஸுக்குக் கொஞ்சம் மேலே, கரன்ட் யூனிட் 26 பென்ஸுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது மாறும், ஆனால் கேஸைவிடக் கரன்ட் நாலு மடங்கு என்பது பெரிதாக மாறுவதில்லை. 2 கிலோவாட் ஹீட்டரைத் தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் 10 யூனிட், 2 பவுண்டு 60 பென்ஸ். மாதத்துக்கு 78 பவுண்டு. அதே அளவு சூட்டை ஒரு சுமாரான பாய்லர் கேஸில் 70 பென்ஸ் போலக் கொடுத்துவிடும், மாதத்துக்கு 21 பவுண்டு. எண்ணெய் ரேடியேட்டர் சிக்கனம், செராமிக் சிக்கனம், சாக்கெட்டில் நேராகச் செருகும் குட்டி ஹீட்டர் அதைவிடச் சிக்கனம் என்று விளம்பரம் வரும். நம்பாதீர்கள். செருகி ஓட்டும் எந்த ஹீட்டராக இருந்தாலும் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். குட்டி ஹீட்டர் குறைவாகச் செலவு செய்வது குறைவாகச் சூடு கொடுப்பதால்தான்.

ஹீட்டிங்கை நிறுத்தினாலும் நிற்காத செலவு ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டிங் சார்ஜ். 2025 அக்டோபர் விலையில் கேஸுக்கும் கரன்ட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 88 பென்ஸ் அளவு. ஒரு விளக்குகூடப் போடாமல் இருந்தாலும் மாதம் 26 பவுண்டு போய்விடும். பிரீபே மீட்டரில் காசு இல்லாத நாட்களிலும் இது கடனாக ஏறிக்கொண்டே இருந்து, அடுத்த டாப்-அப்பில் முழுசாகக் கழியும். "பத்து பவுண்டு போட்டேன், நாலுதான் காட்டுகிறது" என்று பலர் புலம்புவது இதனால்தான். அப்படிக் கழிவது அதிகமாகத் தெரிந்தால் இன்னொன்றையும் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன கடன் உங்கள் மீட்டரில் ஒட்டிக்கொண்டு உங்கள் டாப்-அப்பிலிருந்து வாரா வாரம் கழிந்துகொண்டிருக்கலாம். கம்பெனிக்குப் போன் செய்து நீங்கள் குடிவந்த தேதியைச் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் அந்தக் கடனை எடுத்துவிடுவார்கள், பிடித்த பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். ஆகஸ்டில் வந்தவர்கள் நீங்கள். இதை இன்றே கேளுங்கள். பிரீபே என்றாலே விலை அதிகம் என்பது பழைய கதை, 2024 முதல் அந்த வித்தியாசத்தைச் சமன் செய்துவிட்டார்கள். அதனால் மீட்டரை மாற்றத் துடிக்க வேண்டாம். மாதாமாதம் வங்கியில் பிடிப்பவர்களுக்குக் கோடையில் கட்டிய அதிகப் பணம் குளிர்காலத்தில் கைகொடுக்கும். ஆகஸ்டில் வந்த உங்களுக்கு அந்தச் சேமிப்பு இல்லை என்பதால்தான் முதல் குளிர்காலம் இவ்வளவு வலிக்கிறது. அடுத்த வருஷம் மே மாதத்திலிருந்தே வாரம் ஐந்து பவுண்டு கூடுதலாக மீட்டரில் போட்டு வையுங்கள்.

சரி, பாய்லருக்கு வருவோம். உங்கள் வீட்டில் தனியாகத் தண்ணீர்த் தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் வருகிற கோம்பி பாய்லர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் முகத்தில் இரண்டு குமிழ் அல்லது இரண்டு ஜோடி பட்டன் இருக்கும். ஒன்றில் ரேடியேட்டர் படம், இன்னொன்றில் குழாய் படம். ரேடியேட்டர் பக்கம் பெரும்பாலும் 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை 60க்கு இறக்குங்கள், ரொம்பக் குளிரில்லாத நாட்களில் 55. இந்தக் காலத்துப் பாய்லர் புகையில் போகும் நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80இல் ஓட்டினால் நடக்காது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு வெளிச்சுவர்க் குழாய் வழியே ஆவியாகப் போகும். இந்த ஒரு மாற்றத்தில் கேஸ் செலவு 6 முதல் 8 சதவீதம் குறையும். ரேடியேட்டர் கையைச் சுடாது, அறை சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். குழாய் பக்கத்தை 48, 50இல் வையுங்கள். குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலக்கிற அளவுக்குக் காய்ச்சுவதில் அர்த்தமில்லை. ஒருவேளை உங்கள் வீட்டில் தனித் தொட்டி இருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரை 60க்குக் கீழே இறக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், நர்ஸான உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வு இருக்கும். அது வேகம் இல்லை, அந்த அறையின் வெப்பநிலை. 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பது தவறு. பிள்ளைகள் இருக்கும் அறையிலும் ஹாலிலும் 3, மற்ற இடத்தில் 1, 2. எதையும் முழுக்க மூடாதீர்கள். குளிர்ந்த அறையைத் தேடித்தான் மற்ற அறைகளின் ஈரம் போகும். சின்னவன் அறையில் அதுதான் நடந்திருக்கிறது.

அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எத்தனை டிகிரியில் வைப்பது? வீட்டுக்குள் 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கும் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. காலையில் ஆறிலிருந்து ஏழரை, பள்ளிக்கூடம் விட்டபின் நாலிலிருந்து எட்டரை, இந்த இரண்டு வேளைக்கும் 19. மற்ற நேரத்தில் 15. நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால் சிக்கனமா, தேவைப்படும்போது மட்டும் போடுவது சிக்கனமா என்று இங்கே முடிவில்லாத வாக்குவாதம் உண்டு. கணக்குப்படி தேவைப்படும்போது போடுவதுதான் மலிவு. ஆனால் ஏற்கெனவே சுவர் கறுத்த வீட்டில் 15க்குக் கீழே விடாதீர்கள் என்பது என் கருத்து. நான் சொன்னதை நம்பவும் வேண்டாம். கேஸ் மீட்டரில் ஒரு கன மீட்டர் ஓடினால் சுமார் 11 யூனிட், மேலே சொன்ன விலையில் 70 பென்ஸ். இரவு படுக்கும்போது எண்ணை எழுதி வையுங்கள், மறுநாள் இரவு பாருங்கள். ஒரு வாரம் எழுதினால் உங்கள் வீட்டுக்கு எது மலிவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும், என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

இனி அந்தக் கறுத்த மூலை. முதலில் அது எந்த ஈரம் என்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து இடுப்புயரம் வரை அலைபோலக் கோடு தெரிந்தால் நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம். ஒரே இடத்தில் பழுப்பாகத் திட்டு இருந்து மழைக்கு அப்புறம் பெரிதானால் வெளியே மழைநீர்க் குழாயோ ஓடோ ஒழுகுகிறது. இரண்டும் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியவை. வெளிச்சுவர் மூலையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் பின்னால் கறுப்புப் புள்ளி புள்ளியாக வந்தால் அது நம் மூச்சும் சமையலும் துணியும் கொடுத்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தது. இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

ஒரு வாஷிங் மெஷின் துணியில் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஹால் ரேடியேட்டரில் போட்டுக் காயவைத்தால் அந்த இரண்டு லிட்டரும் உங்கள் சுவரில் போய் உட்காரும். துவைத்து முடிந்ததும் இன்னொரு முறை 1,400 வேகத்தில் வெறும் ஸ்பின் ஓட்டுங்கள், சில பென்ஸ்தான். பிறகு குளியலறையில் ஸ்டாண்டில் போட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். அந்த ஃபேன் ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் கரன்ட் எடுக்கும், சத்தம் பிடிக்கவில்லை என்று அதை அணைத்து வைக்கிற வீடுதான் அதிகம். நம் சமையலும் காரணம். சாதம் வடிப்பது, ரசம் கொதிப்பது, இட்லிக் கொப்பரை எல்லாமே ஆவி. மூடி போட்டுச் சமைத்து, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பிரஷர் குக்கர் இந்த ஊரில் இரட்டை லாபம், கேஸும் குறைவு ஆவியும் குறைவு.

காலையில் எழுந்ததும் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைத் துடைத்துப் பிழிந்து கொட்டுங்கள். அப்புறம் எதிரெதிர் ஜன்னல்களை அகலமாகப் பத்து நிமிஷம் திறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றில் நீர் மிகக் குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் காற்றுதான் மாறும், சுவரும் சாமான்களும் ஆறாது. ஐந்தாறு பவுண்டுக்கு ஈரப்பதம் காட்டும் குட்டிக் கருவி கிடைக்கும், அதில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால்தான் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர். புதிது 120, 150 பவுண்டு ஆகும், பழையது பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கம்ப்ரஸர் வகை 200 வாட் அளவுதான் எடுக்கும், ஆனால் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த அறையில் சரியாக வேலை செய்யாது.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கறுப்பைக் காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். பூசணம் நீக்கும் ஸ்பிரே அடித்து ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்கும் முன் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு இமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் கணக்கில் வராது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லி அவர் நழுவினால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம்; வாடகை வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இது சும்மா அழகுப் பிரச்சினை இல்லை. ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் வீட்டுப் பூஞ்சையால் இறந்தது என்று 2022இல் விசாரணையில் முடிவானது. அதன் பேரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சில் வீடுகளுக்கும் வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

காற்று நுழையும் சந்துகளை அடைக்கும்போது ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். கதவுக்குக் கீழே, தபால் போடும் ஓட்டை, பயன்படுத்தாத பழைய புகைக்கூண்டு, இவற்றை அடைக்கலாம். பழைய புடவையைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாலே போதும், கடையில் விற்பதும் அதேதான். ஜன்னல் மேலே இருக்கும் சின்னக் காற்றுத் துளையையும் பாய்லர் அறையின் காற்று வழியையும் அடைக்கவே கூடாது. பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைப்பது 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் வீட்டுக்காரர் கடமை. இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வதையும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதையும் கனவிலும் செய்யாதீர்கள்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் விற்கிறார்கள். ஜன்னல் சட்டத்தில் ஒட்டி ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இழுத்துக்கொண்டு விறைப்பாகும். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் இரட்டைக் கண்ணாடி செய்கிற வேலையில் பாதியையாவது செய்யும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது; அப்போதே திரையை இழுத்து விடுங்கள். ரேடியேட்டருக்கு மேலே திரை தொங்கினால் சூடு முழுக்கக் கண்ணாடிக்குத்தான் போகும், அதை மடித்து ஜன்னல் திண்ணையில் வையுங்கள்.

உடம்பு விஷயத்தில் பெரிய ரகசியம் இல்லை. பருத்திப் பனியனை உள்ளே போட்டால் வேர்வையைப் பிடித்துக்கொண்டு குளிர் காட்டும், தெர்மல் உள்ளாடைதான் சரி. கம்பளி ஸ்வெட்டரும் கோட்டும் புதிது வாங்காதீர்கள். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், பர்னார்டோஸ், ஆக்ஸ்ஃபாம் போன்ற, தானமாக வந்த பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி கடைகளில் பத்து, பதினைந்து பவுண்டுக்கு நல்ல கோட் கிடைக்கும், வசதியானவர்கள் வசிக்கும் பக்கத்துக் கடையில் இன்னும் நல்லதாக இருக்கும். மெத்தைக்கு மேல், விரிப்புக்கு அடியில் போடும் மின் போர்வை 100 வாட்டுக்கும் கீழே. படுக்கும் முன் அரைமணி நேரம் போட்டால் ஒரு பென்னியோ ஒன்றரையோ. பெரியவர்களுக்கு அது போதும். சின்னவனுக்கு மட்டும் வேண்டாம். சுடுதண்ணீர்ப் பை பயன்படுத்துவதானால் அதன் கழுத்துப் பக்கம் பூப்போல ஒரு முத்திரை இருக்கும், நடுவில் இருப்பது தயாரித்த வருஷம். இரண்டு வருஷம் தாண்டிய ரப்பரை வைத்துக்கொள்ளக் கூடாது, கொதிக்கும் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. பழைய பை வெடித்த கதை உங்கள் வார்டில் ஒன்றாவது இருக்கும்.

குளியலறையில் சுவரில் தனியாகப் பெட்டிபோல எலக்ட்ரிக் ஷவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 9 கிலோவாட் அளவில் கரன்ட்டை உறிஞ்சும். நாலு பேர் தினமும் எட்டு நிமிஷம் குளித்தால் மாதம் 38 பவுண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் பாய்லர் தண்ணீரை வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக்கொண்டால் அதில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம்.

சாப்பாட்டுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம், நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு யார் சமையல் சொல்லித் தருவது. ஆனால் முருங்கைக்காயும் வாழைக்காயும் விமானத்தில் வருகின்றன, அந்த டிக்கெட் காசையும் நாம்தான் கொடுக்கிறோம். குளிர்காலத்தில் இங்கே விளைவது முட்டைக்கோஸ், கேரட், லீக்ஸ், பார்ஸ்னிப், ஸ்வீடு (swede) என்கிற மஞ்சள் கிழங்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சூப்பர்மார்க்கெட்டுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு உருளை, கேரட், களைகோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்) எல்லாவற்றையும் பை 20 பென்ஸுக்கும் கீழே இறக்குவது சமீப வருஷங்களில் வழக்கமாகிவிட்டது. அப்போது அள்ளுங்கள். கேரட்டை அரைவேக்காடாக்கி ஃபிரீசரில் வைக்கலாம். ஸ்வீடு கிழங்கு சாம்பாருக்கு அப்படியே பொருந்தும். பருப்பு, அரிசி, மசாலா எல்லாம் பெல்கிரேவ் ரோடு பக்கத்துக் குஜராத்திக் கடைகளில் மூட்டையாக வாங்குங்கள், சூப்பர்மார்க்கெட்டின் 'உலக உணவு' வரிசையில் சின்னப் பாக்கெட் வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் சாயங்காலம் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உங்கள் கடையில் எத்தனை மணிக்கு என்று கணவரைக் கவனித்துவரச் சொல்லுங்கள். மாவு புளிக்க மாட்டேன் என்கிறதா? ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள், அல்லது பாய்லர் இருக்கும் அலமாரியில். மாவுக்காக ஹீட்டிங் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

வைட்டமின் டி மாத்திரையை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இங்கே வெயிலில் நம் தோல் அதைச் செய்ய முடியாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் என்பது அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் அறிவுரை, கறுத்த தோலுக்கு வருஷம் முழுக்க. சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்டே போதும், மாதம் ஒரு பவுண்டுகூட ஆகாது.

பணம் எந்தத் தேதியில் வருகிறது, போகிறது என்பதும் ஒரு சிக்கல். பல இடங்களில் டிசம்பர் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். அடுத்தது ஜனவரிக் கடைசியில்தான். நடுவே ஐந்து வாரம், அதுவும் வருஷத்தின் மிகக் குளிரான வாரங்கள். டிசம்பர் சம்பளம் வந்த அன்றே ஜனவரிக்கான கேஸ், கரன்ட் காசை மீட்டரில் ஏற்றிவிடுங்கள். பிரீபேயில் இருக்கும் ஒரே சௌகரியம் இதுதான், ஏற்றிய பணத்தைச் சேலை எடுக்கச் செலவழிக்க முடியாது. இன்னொன்று, உள்ளூர் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸை வழக்கமாகப் பத்துத் தவணையில் ஜனவரிக்குள் வாங்கிவிடுவார்கள். கேட்டால் மார்ச் வரை நீட்டிப் பிரித்துத் தருவார்கள், இப்போதைய தவணை குறையும். நீட்டாவிட்டால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் அந்தத் தொகை கையில் நிற்கும், அதை ஜனவரிக் கடனுக்கு ஒதுக்கலாம்.

உதவிகள் விஷயத்தில் ஜாக்கிரதை. உங்கள் விசாவில் அரசு நிதி கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் போன்ற அரசு உதவித்தொகை எல்லாம் அதில் அடக்கம், தெரியாமல் விண்ணப்பித்தாலும் விசாவுக்குச் சிக்கல். பில்லில் 150 பவுண்டு கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்டும் அந்த மாதிரி உதவித்தொகை வாங்குபவர்களுக்குத்தான், விட்டுவிடுங்கள். 'குளிர்கால எரிபொருள் தொகை, இங்கே அழுத்தி வங்கிக் கணக்கைக் கொடுங்கள்' என்று போனுக்கு வரும் குறுஞ்செய்தி மோசடி. ஆனால் நிபந்தனைக்குள் வராத சிலவற்றை நம்மவர்கள் பயத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். மூணு வயசுக்காரனுக்கு வாரம் 15 மணி நேர நர்சரி இலவசம். அந்த நேரத்தில் அவன் சூடான இடத்தில் இருப்பான், கணவர் வேலை தேடலாம். ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளை இருப்பதால் கேஸ், கரன்ட் கம்பெனியின் முன்னுரிமைப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம், இலவசம்தான். இலவசமாக உணவுப் பொருள் தரும் ஃபுட் பேங்க் அரசு நிதி அல்ல, தொண்டு நிறுவனம். மீட்டரில் காசு தீரும் நிலை வந்தால் அங்கேயோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பிலோ சொல்லுங்கள், ஃப்யூயல் பேங்க் ஃபவுண்டேஷனின் டாப்-அப் வவுச்சருக்கு வழி செய்வார்கள். நர்ஸ் என்பதால் யூனிஃபார்ம் துவைக்கும் செலவுக்கும் வருஷாந்தரப் பதிவுக் கட்டணத்துக்கும் வரிச் சலுகை உண்டு, இரண்டும் சேர்த்து வருஷம் 50 பவுண்டு அளவு திரும்பி வரும். அதற்கு ஏஜென்ட் வேண்டாம், அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம்.

ஊருக்குப் போகும் கேள்வி. செலவு மிச்சம் என்ற காரணத்துக்காக என்றால் வேண்டாம். மூன்று வாரம் வீட்டைப் பூட்டினால் கேஸில் அறுபது, எழுபது பவுண்டு மிஞ்சலாம், டிசம்பரில் நாலு பேருக்குத் திருவனந்தபுரம் டிக்கெட் எவ்வளவு என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு, போய்விட்டு வாருங்கள். போனால் ஹீட்டிங்கை அணைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டை 12இல் விடுங்கள், குழாய் உறைந்து வெடித்தால் வீட்டுக்காரரோடு சண்டை மார்ச் வரை நடக்கும். மீட்டரில் 40 பவுண்டாவது இருக்கட்டும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து, பாய்லரிலிருந்து வெளியே போகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைக் காட்டிவிடுங்கள். கடும் உறைபனியில் பாய்லர் நின்றால் பத்தில் பாதி அந்தக் குழாய்க்குள் தண்ணீர் கட்டியாகிவிட்டதுதான். கொதிக்காத வெந்நீரை ஒரு கெட்டிலில் கொண்டுபோய் குழாயின் மேல் ஊற்றி, பாய்லரை ரீசெட் செய்தால் ஓட ஆரம்பித்துவிடும், யாரையும் கூப்பிட வேண்டாம்.